ஆர்மீனியப் புலம்பெயர் பள்ளிகளும் முன்னாள் மாணவர்களின் கவலையும்

ஆர்மீனியப் புலம்பெயர் பள்ளிகள் என்பவை, தாயகத்தை விட்டு வெளியேறி உலகின் பல நாடுகளில் குடியேறிய ஆர்மீனியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக நிறுவிய கல்வி நிலையங்கள் ஆகும். இவற்றுள் பல, செல்வர்கள் எழுதி வைத்த உயில்களாலும் கொடைகளாலும் தோன்றியவை. மாணவர் எண்ணிக்கை குறைந்தபோது சில மூடப்பட்டன. சில வேறு நிர்வாகத்துக்கு மாறின. அப்போதெல்லாம் முதலில் குரல் எழுப்பியவர்கள் அப்பள்ளிகளின் முன்னாள் மாணவர்களே. சைப்ரசு நாட்டின் நிக்கோசியா நகரில் இருந்த மெல்கோனியன் கல்வி நிலையம் 2005ஆம் ஆண்டு மூடப்பட்டது இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

ஆர்மீனியப் பள்ளிகளின் வரலாற்றில் சென்னைக்கும் இடம் உண்டு. வெனிசு நகரில் ஏறத்தாழ 160 ஆண்டுகள் நடந்த ஓர் ஆர்மீனியப் பள்ளி, சென்னையில் வாழ்ந்த இரு வணிகர்களின் பணத்தால் உருவானது. கொல்கத்தாவில் 1821இல் தொடங்கிய ஆர்மீனியக் கல்லூரி இன்றும் இயங்கி வருகிறது. வெனிசு, நிக்கோசியா, கொல்கத்தா ஆகிய மூன்று ஊர்களின் பள்ளிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு பள்ளி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குப் பல கோணங்கள் இருப்பது தெரியும்.

சென்னையில் ஆர்மீனியர்

சென்னை பாரிமுனைப் பகுதியில் உள்ள ஆர்மீனியன் தெருவைத் தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்று வழங்குவர். அங்கு அரண்மனை எதுவும் இருந்ததில்லை. 'ஆர்மீனியன்' என்ற சொல்லே மக்கள் நாவில் 'அரண்மனைக்காரன்' ஆயிற்று. அத்தெருவில் உள்ள புனித மரியாள் ஆர்மீனியத் தேவாலயம் 1772ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

ஆர்மீனிய வணிகர்கள் பெரும்பாலும் பாரசீகத்தின் இசுபகான் நகரை ஒட்டிய புதிய சுல்பா என்னும் குடியிருப்பிலிருந்து இந்தியாவுக்கு வந்தனர். 1688ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களுடன் இலண்டனில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்பின் கம்பெனியின் ஆட்சிக்குட்பட்ட ஊர்களில் அவர்களுடைய வணிகம் பெருகியது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே முதலில் பாலம் கட்டியவரும், பரங்கிமலைக்கு ஏறும் படிகளை அமைக்கப் பணம் தந்தவரும் பெத்ரூசு உசுக்கான் என்ற ஆர்மீனிய வணிகரே.

சென்னை ஆர்மீனியர் பொருளீட்டியதோடு நிற்கவில்லை. சாகமீர் சாகமீரியன் என்பவர் 1772இல் சென்னையில் ஆர்மீனிய அச்சகம் ஒன்றை நிறுவினார். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அசுதரார்' 1794ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னையிலிருந்தே வெளிவந்தது. அதன் ஆசிரியர் அருத்தியூன் சுமாவோனியன் என்ற குருவானவர். 1796 வரை நடந்த அந்த இதழ் 18 வெளியீடுகளைக் கண்டது. சொந்த நாட்டில் அரசு இல்லாத ஒரு மக்கள் கூட்டம், மொழியையும் கல்வியையும் அரசுக்கு மாற்றாகப் பற்றிக்கொண்டதை இது காட்டுகிறது.

வெனிசு: சென்னைப் பணத்தில் எழுந்த பள்ளி

எட்வர்டு இரபேல், சாமுவேல் மூராத் ஆகிய இருவரும் சென்னையில் வாழ்ந்த செல்வந்தர்கள். இரபேல் மாமனார், மூராத் மருமகன். ஆர்மீனியச் சிறுவர்களின் கல்விக்காக இருவரும் தம் செல்வத்தில் ஒரு பகுதியை எழுதி வைத்தனர். அதை நிறைவேற்றும் பொறுப்பு மெகித்தாரிசுட்டுகள் என்னும் ஆர்மீனியக் கத்தோலிக்கத் துறவியரிடம் சென்றது. செபாசுத்தியா ஊரைச் சேர்ந்த மெகித்தார் 1701இல் தொடங்கிய இந்தத் துறவியர் சபை, 1717 முதல் வெனிசுக்கு அருகே உள்ள சான் லாசரோ தீவில் நிலைகொண்டது. ஆர்மீனிய நூல்களைத் திரட்டுவதும் அச்சிடுவதும் அவர்களுடைய முதன்மைப் பணிகளாக இருந்தன.

மூராத் 1816இல் சென்னையில் இறந்தார். உயில் பணம் கைக்கு வந்து பள்ளி தோன்ற மேலும் பல ஆண்டுகள் ஆயின. மூராத் பெயரில் ஒரு பள்ளியும், 1836இல் வெனிசில் இரபேல் பெயரில் ஒரு பள்ளியும் தொடங்கின. பின்னாளில் இரண்டும் இணைந்து மூராத்-இரபேல் கல்லூரி ஆயிற்று. செனோபியோ மாளிகை என்ற பழைய கட்டிடம் அதன் இருப்பிடமானது. மூராத்தின் பெயரில் பாரிசுக்கு அருகே உள்ள செவ்ரேயிலும் ஒரு பள்ளி நடந்தது.

ஒட்டோமான் பேரரசின் ஊர்களிலிருந்து வந்த ஏழைச் சிறுவர்கள் வெனிசில் தங்கிப் படித்தனர். அவர்களுள் ஒருவர், 1902இல் அங்குச் சேர்ந்த தானியேல் வரூசான். பின்னாளில் பெயர்பெற்ற கவிஞராக விளங்கிய அவர், 1915ஆம் ஆண்டு ஆர்மீனிய இனப்படுகொலையில் கொல்லப்பட்டார். சென்னையில் ஈட்டிய பணம், அனத்தோலியாவின் சிற்றூர்ப் பிள்ளை ஒருவர் வெனிசில் படிக்க உதவியது.

இந்தப் பள்ளி 1997இல் மூடப்பட்டது. மாளிகை இன்றும் இருக்கிறது. அங்குக் கண்காட்சிகளும் நிகழ்ச்சிகளும் நடைபெற்றுள்ளன. மாணவர்கள் மட்டும் இல்லை.

நிக்கோசியா: மெல்கோனியன் கல்வி நிலையம்

கிரிகோர் மெல்கோனியன், கராபெத் மெல்கோனியன் ஆகிய சகோதரர்கள் துருக்கியின் கைசேரி பகுதியைச் சேர்ந்தவர்கள். எகிப்தில் புகையிலை வணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டினர். 1915ஆம் ஆண்டின் இனப்படுகொலையில் பெற்றோரை இழந்த ஆயிரக்கணக்கான ஆர்மீனியக் குழந்தைகள் மத்திய கிழக்கு நாடுகளில் சிதறிக் கிடந்தனர். அவர்களுக்காகப் பள்ளி அமைக்க எண்ணிய சகோதரர்கள், தம் சொத்துகளை முதலில் கான்ஸ்டாண்டினோபிள் ஆர்மீனிய மறைமுதல்வரின் பொறுப்பில் ஒப்படைத்தனர். அச்சொத்தின் பொறுப்பு 1920களின் நடுவில் ஆர்மீனியப் பொது நற்பணி ஒன்றியத்துக்கு மாறியது. இந்த ஒன்றியம் 1906இல் கெய்ரோவில் போகோசு நுபார் தலைமையில் தொடங்கிய அறநிறுவனம் ஆகும். சொத்து இவ்வாறு கைமாறியது பிற்காலத்தில் பெரிய வழக்காயிற்று.

1924இல் அடிக்கல் நாட்டப்பட்ட பள்ளி 1926இல் திறக்கப்பட்டது. முதலில் வந்தவர்கள் ஆதரவற்ற குழந்தைகள். அவர்கள் தாம் இழந்த உறவினரின் நினைவாக மரக்கன்றுகள் நட்டனர் என்பது பள்ளியின் மரபுச் செய்தி. அம்மரங்கள் வளர்ந்து பள்ளியின் முன்பு ஒரு தோப்பாயின. நிறுவனர் சகோதரர்களின் கல்லறையும் பள்ளி வளாகத்துக்குள்ளேயே உள்ளது.

காலப்போக்கில் இது பல நாட்டு ஆர்மீனியப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளியாக வளர்ந்தது. 1974இல் துருக்கி சைப்ரசின் மீது படையெடுத்தபோது பள்ளிக் கட்டிடம் குண்டுவீச்சில் சேதமுற்றது. எனினும் பள்ளி தொடர்ந்தது. 1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1979இல் ஈரானில் புரட்சி நடந்தது. அந்நாடுகளின் ஆர்மீனியக் குடும்பங்களுக்கு இது ஒரு புகலிடமாயிற்று. இங்குப் படித்தவர்கள் பல நாடுகளில் ஆர்மீனிய ஆசிரியர்களாகவும் இதழாசிரியர்களாகவும் பணியாற்றினர்.

மூடும் முடிவும் எதிர்ப்பும்

2004ஆம் ஆண்டு மார்ச் மாதம், அடுத்த ஆண்டு ஜூன் மாதத்துடன் பள்ளியை மூடப்போவதாக ஒன்றியம் அறிவித்தது. இன்றைய கல்வித் தேவைகளுக்கு இப்பள்ளி முன்போல் பயன்படவில்லை என்பதும், ஒன்றியத்தின் வளங்களை வேறு வழிகளில் செலவிடுவது நல்லது என்பதும் அதன் நிலைப்பாடு.

முன்னாள் மாணவர்கள் பல நாடுகளில் ஒன்றுகூடி இதை எதிர்த்தனர். சைப்ரசின் ஆர்மீனியச் சமூகமும் அந்நாட்டு அரசியல் தலைவர்களும் கவலை தெரிவித்தனர். கான்ஸ்டாண்டினோபிள் ஆர்மீனிய மறைமுதல்வர் இரண்டாம் மெசுரோப், ஒன்றியத்தின் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார். சகோதரர்கள் சொத்தை முதலில் ஒப்படைத்தது மறைமுதல்வர் பீடத்திடம் என்பதே அதற்கு அடிப்படை. ஆயினும் 2005இல் பள்ளி மூடப்பட்டது, மீண்டும் திறக்கப்படவில்லை.

போராட்டம் முற்றிலும் வீணாகவில்லை. பள்ளியின் பழைய கட்டிடங்களையும் முன்புறத் தோப்பையும் சைப்ரசு அரசு பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தது. நிக்கோசியாவில் வாழும் ஆர்மீனியப் பிள்ளைகளின் இடைநிலைக் கல்விக்காக, அரசு நிதியில் நடக்கும் நாரெக் பள்ளியில் 2005 முதல் வகுப்புகள் ஏற்படுத்தப்பட்டன. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இவ்வாறு மாற்று வழி கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் வாய்ப்பு மட்டும் இல்லாமல் போயிற்று.

முன்னாள் மாணவர்கள் எதற்காகக் கவலைப்பட்டனர்?

இந்த எதிர்ப்பைப் பழைய நினைவுகளின் ஏக்கம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அதில் நான்கு தனித்தனிக் கேள்விகள் இருந்தன.

முதலாவது மொழி. ஆர்மீனிய மொழிக்குக் கிழக்கு, மேற்கு என இரு எழுத்து வழக்குகள் உண்டு. ஆர்மீனியக் குடியரசில் வழங்குவது கிழக்கு ஆர்மீனியம். இனப்படுகொலைக்கு முன் ஒட்டோமான் பேரரசில் வாழ்ந்தவர்களின் வழக்கு மேற்கு ஆர்மீனியம். அதைப் பேசிய ஊர்கள் 1915க்குப் பின் அழிந்தன. இன்று அதற்கென ஒரு நாடும் இல்லை, அரசும் இல்லை. வீடு, தேவாலயம், பள்ளி ஆகிய மூன்றுமே அதன் இருப்பிடங்கள். யுனெசுக்கோ நிறுவனம் 2010இல் வெளியிட்ட அழிவாய்ப்புள்ள மொழிகளின் வரைபடத்தில் மேற்கு ஆர்மீனியமும் இடம்பெற்றது. வகுப்பில் ஒரு பாடமாகப் படிப்பதற்கும், விடுதியில் இரவும் பகலும் அம்மொழியிலேயே வாழ்வதற்கும் வேறுபாடு உண்டு. விடுதிப் பள்ளி மறைந்தால் மொழி ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள் என்று முன்னாள் மாணவர்கள் கேட்டனர்.

இரண்டாவது கொடையாளரின் எண்ணம். தம் பெயரில் ஒரு பள்ளி நிலைக்கும் என்று நம்பிச் சொத்தைக் கொடுத்தவர்கள் இன்று உயிருடன் இல்லை. பள்ளியை மூடிவிட்டுப் பணத்தை வேறு கல்விப் பணிக்குச் செலவிட்டால் அது அவர்களுடைய எண்ணத்தை நிறைவேற்றுவதா, மீறுவதா? இரு தரப்புமே தம் பக்கம் நியாயம் இருப்பதாகக் கருதின.

மூன்றாவது நிலம். 1920களில் நகருக்கு வெளியே இருந்த குன்று, நகரம் விரிந்தபின் விலைமதிப்பு மிக்க இடமாயிற்று. பள்ளியை மூடுவதற்குக் கல்வி காரணமா, நிலத்தின் மதிப்பு காரணமா என்ற ஐயம் எழுந்தது. இத்தகைய ஐயம் எந்தப் பழைய பள்ளி மூடப்படும்போதும் எழக்கூடியதே. வரவு செலவுக் கணக்கும் எதிர்காலத் திட்டமும் முன்கூட்டியே வெளியிடப்படாத இடத்தில் அது இன்னும் வலுக்கும்.

நான்காவது ஆவணங்கள். ஆதரவற்ற குழந்தைகளுக்காகத் தோன்றிய பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு சாதாரண ஏடு அன்று. குழந்தையின் பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர் ஆகியவை பதிவான முதல் ஏடு சிலருக்கு அதுவாகவே இருக்கலாம். பள்ளி மூடப்பட்டால் பதிவேடுகளும் நூலகமும் எங்குச் செல்லும் என்பது ஒரு குடும்பம் தன் வேரைத் தேடும் உரிமையைப் பற்றிய கேள்வி.

நிர்வாகத்தின் தரப்பு

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். விடுதிப் பள்ளி நடத்துவது செலவு மிகுந்த செயல். மாணவர் குறைந்தாலும் சமையற்கூடம், காவல், மருத்துவம், பராமரிப்பு ஆகியவற்றின் செலவு அதே விகிதத்தில் குறையாது. ஆர்மீனியக் குடும்பங்கள் பல மத்திய கிழக்கிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றுவிட்டன. அங்கு அவர்களுடைய பிள்ளைகள் வீட்டிலிருந்தே சென்று படிக்கும் ஆர்மீனியப் பள்ளிகள் உருவாயின. 1991இல் ஆர்மீனியா தனிநாடானபின், ஆர்மீனியக் கல்விக்கு உதவ விரும்புவோர் பலர் அந்நாட்டை நோக்கித் திரும்பினர். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கடல் கடந்து விடுதிக்கு அனுப்பும் வழக்கமும் அருகி வருகிறது.

பள்ளி வேண்டும் என்று உரக்கக் கூறும் முன்னாள் மாணவர்களில் எத்தனை பேர் தம் பிள்ளைகளை அங்குச் சேர்க்க முன்வருவர் என்ற கேள்வியும் உண்டு. இது கடுமையான கேள்வி. ஆனால் ஒதுக்கக்கூடியது அன்று. கட்டிடத்தையும் நிலத்தையும் பணத்தையும் அடுத்த தலைமுறைக்கு எழுதி வைக்கலாம். மாணவர்களை எவரும் எழுதி வைக்க முடியாது.

கொல்கத்தா: வேறொரு வழி

கொல்கத்தாவின் ஆர்மீனியக் கல்லூரியும் அறக்கல்வி நிலையமும் 1821ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் இது ஒரு பள்ளியே. 1884இல் இப்போது மிர்சா காலிப் தெரு எனப்படும் பிரீ ஸ்கூல் தெருவுக்கு இடம் மாறியது. ஆங்கில நாவலாசிரியர் வில்லியம் மேக்பீசு தாக்கரே 1811இல் பிறந்த இடம் இதுவே எனப்படுகிறது. இந்திய ஆர்மீனியர் வரலாற்றை விரிவாக எழுதிய மெசுரோப் சேத் என்பவரும் இப்பள்ளியோடு தொடர்புடையவர். 1922இல் ஆர்மீனியச் சிறுமியருக்கெனத் தொடங்கிய தாவீதியன் பள்ளி பின்னாளில் இதனுடன் இணைந்தது. கொல்கத்தாவின் ரக்பி ஆட்டக் களத்தில் இப்பள்ளி மாணவர்களுக்குத் தனிப்பெயர் உண்டு.

இந்திய விடுதலைக்குப்பின் கொல்கத்தா ஆர்மீனியர் பலர் ஆசுதிரேலியா, இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குச் சென்றனர். சமூகம் சுருங்கியது. அறக்கட்டளைச் சொத்துகள் இருந்தன. படிக்கப் பிள்ளைகள் இல்லை. வெனிசிலும் நிக்கோசியாவிலும் பள்ளியை மூட நேர்ந்த அதே நிலை கொல்கத்தாவிலும் வந்தது.

இங்கு எடுக்கப்பட்ட முடிவு வேறு. 1999ஆம் ஆண்டு, நீதிமன்ற ஆணையின்படி நிர்வாகம் ஆர்மீனியத் திருச்சபையின் தலைமைப் பீடமான எச்சுமியாட்சினிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆர்மீனியா, ஈரான், ஈராக் முதலிய நாடுகளிலிருந்து பிள்ளைகள் அழைத்து வரப்பட்டு, இலவசமாகத் தங்கிப் படிக்க வாய்ப்பு அளிக்கப்பட்டது. உள்ளூரில் பிள்ளைகள் இல்லாதபோது வெளியூரிலிருந்து வரவழைத்ததால் பள்ளி தொடர்ந்தது. 2021இல் அது இருநூறு ஆண்டுகளை நிறைவு செய்தது.

இதனால் கவலை தீர்ந்துவிட்டது என்று கூற இயலாது. வெளிநாட்டுப் பிள்ளைகளை நம்பி நடக்கும் பள்ளி, விசா விதிகள், போர், விமானக் கட்டணம், பெற்றோரின் மனமாற்றம் ஆகிய அனைத்தையும் சார்ந்திருக்கிறது. மேலும், படிப்பு முடிந்தபின் பெரும்பாலோர் கொல்கத்தாவில் தங்குவதில்லை. பள்ளி பிழைத்தது, அதைச் சூழ்ந்திருந்த சமூகம் மீண்டும் பெருகவில்லை.

தமிழ்நாட்டில் ஓர் ஒப்பீடு

இறந்தவரின் உயில் பள்ளியாக மாறிய கதை தமிழ்நாட்டுக்குப் புதியது அன்று. பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். 'அசுதரார்' இதழ் சென்னையில் தோன்றியதும் அதே ஆண்டில்தான். அவர் அறப்பணிகளுக்கென எழுதி வைத்த பணம் பல ஆண்டுகள் முறையாகச் செலவிடப்படாமல் கிடந்தது. அன்றைய சென்னை அரசின் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் முதலியோரின் முயற்சியால் விவகாரம் நீதிமன்றத்தில் தீர்ந்து, எஞ்சிய பணம் கல்விக்குத் திருப்பப்பட்டது. 1842ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பச்சையப்பன் பள்ளி தொடங்கியது. உயிலின் எழுத்தை அப்படியே பின்பற்ற முடியாத இடத்தில், அதன் நோக்கத்துக்கு இசைந்த வேறொரு பணிக்கு நீதிமன்றம் வழிவகுக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

விழுப்புரம் மாவட்டத்தின் திண்டிவனத்திலிருந்து மற்றொரு சான்று காட்டலாம். அங்குள்ள வால்டர் ஸ்கடர் மேல்நிலைப் பள்ளி, அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவப் போதகர் குடும்பம் ஒன்றின் பெயரைத் தாங்கியது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மிஷன் காலமும் மெல்ல முடிந்தது. நிறுவியவர்கள் கடல் கடந்து திரும்பினர்; பள்ளி நின்றது. காரணம் எளிது. அதில் படித்தவர்கள் திண்டிவனத்தையும் சுற்றுப்புறச் சிற்றூர்களையும் சேர்ந்த பிள்ளைகள். நிறுவனர் போனாலும் மாணவர் போகவில்லை. ஆர்மீனியப் பள்ளிகளில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. நிறுவனரின் பணமும் பெயரும் நின்றன; மாணவர்களின் குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின.

சட்டத்தில் முன்னாள் மாணவரின் இடம்

முன்னாள் மாணவர்களுக்குப் பள்ளியின் மீது பற்று உண்டு. பொதுவாகச் சொத்துரிமை இல்லை. சட்டம் முதலில் பார்ப்பது உயிலையும் அறக்கட்டளைப் பத்திரத்தையும். அடுத்து அறங்காவலர் யார் என்பதை. மெல்கோனியன் விவகாரத்தில் முன்னாள் மாணவர்களின் குரல் உலகெங்கும் கேட்டது. ஆனால் நிர்வாக முடிவு எடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை.

இந்தியாவில் பொது அறக்கட்டளைகளைப் பற்றி 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவில் கூறுகிறது. அறக்கட்டளையின் கடமை மீறப்பட்டதாகக் கருதினாலோ, அதன் நிர்வாகத்துக்கு நீதிமன்றத்தின் வழிகாட்டுதல் தேவைப்பட்டாலோ, மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடரலாம். அறக்கட்டளையில் அக்கறை உடைய இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோரும் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குத் தொடரலாம். அறங்காவலரை நீக்குதல், புதியவரை அமர்த்துதல், கணக்குக் கேட்டல், நிர்வாகத் திட்டம் வகுத்தல் ஆகியவற்றை நீதிமன்றத்திடம் கோரலாம். முன்னாள் மாணவருக்கு அத்தகைய அக்கறை உண்டா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றமே முடிவு செய்யும்.

முன்னாள் மாணவர் செய்யக்கூடியவை

மூன்று பள்ளிகளின் வரலாற்றிலிருந்து சில பாடங்கள் பெறலாம். மூடும் அறிவிப்பு வந்தபின் ஒன்றுகூடுவதைவிட, சேர்க்கை குறையத் தொடங்கும்போதே ஒன்றுகூடுவது பயன் தரும். நிக்கோசியாவில் அறிவிப்புக்கும் மூடுவிழாவுக்கும் இடையே இருந்த காலம் ஏறத்தாழ 15 மாதங்கள் மட்டுமே. ஒரு பள்ளிக்குப் புதிய மாணவர்களையும் நிதியையும் தேட அது போதாது.

அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலை வாங்கிப் படித்து வைப்பது நல்லது. பள்ளி மூடப்பட்டால் சொத்து யாரைச் சேரும் என்பது பெரும்பாலும் அதில் எழுதப்பட்டிருக்கும். சேர்க்கைப் பதிவேடுகள், ஆண்டு மலர்கள், புகைப்படங்கள் ஆகியவற்றுக்கு நகல் எடுத்து வைப்பதற்கு எந்த நீதிமன்ற ஆணையும் வேண்டியதில்லை. நிர்வாகத்தின் இசைவு போதும். பள்ளியைக் காப்பாற்ற முடியாத நிலையிலும் இவற்றைக் காப்பாற்ற முடியும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்களும் மற்றவர்களும் உதவுவதற்காக 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற திட்டம் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது. பணம், பொருள் ஆகியவற்றோடு ஊரில் உள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளை அங்குச் சேர்ப்பதும் ஓர் உதவியே. மாணவர் குறைந்த பள்ளிக்கு அதுவே முதல் உதவி.

இன்றைய நிலை

வெனிசில் மாளிகை இருக்கிறது; பள்ளி இல்லை. நிக்கோசியாவில் கட்டிடங்களும் தோப்பும் சட்டப் பாதுகாப்பில் உள்ளன, வகுப்புகள் நடப்பதில்லை. கொல்கத்தாவில் வகுப்புகள் நடக்கின்றன. மாணவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள். சென்னையில் ஆர்மீனியச் சமூகம் என்று சொல்லும்படி இன்று எதுவும் இல்லை. கொல்கத்தா ஆர்மீனியத் திருச்சபைக் குழுவின் பொறுப்பில் உள்ள தேவாலயத்தைக் காணச் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். தெருவின் தமிழ்ப் பெயரைச் சொல்பவர்களில் பலருக்கு, அதற்குள் ஒரு மக்களின் பெயர் மறைந்திருப்பது தெரியாது.